சமைத்துப் பார்: அடுக்களையிலிருந்து வகுப்பறைக்கு வந்த ஒரு கலையின் வரலாறு

இலண்டன், ரொறன்ரோ, நியூயோர்க், சிட்னி போன்ற பெருநகரங்களில் இந்திய மரக்கறிச் சமையலைக் கைப்படச் செய்து பழகும் வகுப்புகள் நடைபெறுவதை வாசகர்கள் பலர் அறிவீர்கள். மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் வெங்காயம் அரிவார். மற்றொருவர் பருப்பைக் கடைவார். இன்னொருவர் கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதைக் கண்டு ஓரடி பின்வாங்குவார். இரண்டு மணித்தியாலம் கழிந்ததும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து தாம் சமைத்ததை உண்பார்கள். அவர்களுள் எவர் எந்த மதத்தவர், எந்தச் சாதியினர், எவர் வீட்டுப் பிள்ளை என்று யாரும் விசாரிப்பதில்லை. கட்டணம் செலுத்திய எவரும் அடுப்பருகே நிற்கலாம்.

வசதி படைத்தோரின் மாலைப்பொழுதுப் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலோ இலங்கையிலோ இப்படியொரு காட்சியைக் கற்பனை செய்தும் பார்த்திருக்க முடியாது. சமையல் என்பது தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் சொல்லின்றிக் கைமாறிய வித்தை. மரக்கறிச் சமையலோ அதற்கும் மேலாக, ஆசாரத்தின் காவலுக்குள் இருந்த வித்தை. அந்த அடுக்களையின் கதவு எப்போது, எவரால், எந்த நிர்ப்பந்தத்தினால் திறக்கப்பட்டது என்பது, நமது சமூக வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஓர் அத்தியாயம்.

நூல்கள் இருந்தன, மாணவர்கள் இருக்கவில்லை

சமையலைப் பற்றி எழுதும் வழக்கம் இந்தியாவில் புதியதன்று. சமையற்கலை நூலுக்கு 'மடைநூல்' என்றொரு பெயரே தமிழில் உண்டு. வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட சமையல் நூலைப் பற்றிய குறிப்பு சிறுபாணாற்றுப்படையிலேயே காணப்படுகிறது. நளனும் வீமனும் சமையற்கலையின் இரு பேராசிரியர்களாக மரபில் போற்றப்படுகின்றனர். இன்றும் நல்ல சமையலை 'நளபாகம்' என்றே சொல்கிறோம்.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில் இட்டலி, தோசை, வடை ஆகியவற்றின் முன்னோடிப் பண்டங்கள் பேசப்படுகின்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்னடத்தில் மூன்றாம் மங்கரசன் எழுதிய 'சூபசாஸ்திரம்' முழுக்க முழுக்க மரக்கறிச் சமையலுக்கே உரிய நூல். ஆயினும், இவை அரசர்களுக்கும் புலவர்களுக்கும் உரியனவாக இருந்தன. அடுப்பில் ஊதுகுழலோடு அமர்ந்திருந்த பெண்களுள் பெரும்பாலானோருக்கு எழுத்து வாசனையே மறுக்கப்பட்டிருந்தது. சமைத்தவர்கள் படிக்கவில்லை, படித்தவர்கள் சமைக்கவில்லை. இந்த இடைவெளி பல நூற்றாண்டுகள் நீடித்தது.

இலண்டனில் பசித்திருந்த மாணவன்

இந்த இடைவெளியின் விளைவை முதன்முதலில் தமது வயிற்றால் உணர்ந்து, அதனை எழுதியும் வைத்தவர்களுள் ஒருவர் மோகன்தாஸ் காந்தி. 1888இல் சட்டம் படிப்பதற்காக இலண்டன் சென்றபோது, புலால் உண்பதில்லை என்று தாய்க்கு அவர் வாக்குறுதி அளித்திருந்தார். மரக்கறிச் சாப்பாட்டிலேயே வளர்ந்த அந்த இளைஞருக்கு அதைச் சமைக்கத் தெரியாது. உப்பும் மசாலாவும் இன்றி அவித்த காய்கறிகளை அவரால் உண்ண முடியவில்லை. விடுதிகளில் அரைவயிறும் கால்வயிறுமாகக் காலம் தள்ளிய அவர், நெடுநாள் அலைந்த பின்னர் பரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கேதான் ஹென்றி சோல்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலையும் வாங்கினார். பின்னாளில் ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து காலை உணவைத் தாமே சமைத்துக்கொள்ளவும் பழகினார்.

1891இல் அவர் இலண்டனின் 'வெஜிற்றேரியன்' வார இதழில் இந்திய மரக்கறி உணவினரைப் பற்றித் தொடர் கட்டுரைகளை எழுதினார். இந்திய உணவுகள் பற்றி ஆங்கிலேயர் கூட்டங்களில் உரையும் நிகழ்த்தினார். இந்திய ஆண் ஒருவர் தமது வீட்டுப் பெண்களின் அன்றாட உணவை அந்நியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை அப்போது தோன்றியது. ஊரைவிட்டுப் புறப்பட்டவனுக்குத்தான் வீட்டுச் சமையல் ஒரு பாடமாகிறது என்ற உண்மையை இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே காண்கிறோம்.

1910இல் தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு அருகே காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எனப் பலரும் அங்கு வாழ்ந்தனர். இந்துக்களோடு இஸ்லாமியரும் பார்சிகளும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். புலால் உண்போரின் இசைவோடு எல்லோருக்கும் ஒரே மரக்கறிச் சமையற்கூடம் நடத்தப்பட்டது. பல மொழி, பல சமயக் கைகள் ஒரே பானையில் சமைத்தன. அந்தக் காலத்தில் அது சாதாரண நிகழ்வு அல்ல.

பந்தி பிரித்த சமூகம்

சாதாரண நிகழ்வு அல்ல என்பதை விளங்கிக்கொள்ள, நமது மண்ணில் அப்போதிருந்த நிலையைப் பார்க்க வேண்டும். யார் சமைத்ததை யார் உண்ணலாம், யாருடன் அமர்ந்து யார் உண்ணலாம் என்பதே சாதி அமைப்பின் நடைமுறை இலக்கணமாக இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டமை 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் பூகம்பத்தைக் கிளப்பியது. தேசிய இயக்கத்தின் பணத்தில் நடந்த ஒரு நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால், வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெரியார் ஈ.வெ.ராவும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பு, தமிழக அரசியலின் திசையையே மாற்றிய காரணிகளுள் ஒன்றாயிற்று. 1957இல்கூடச் சென்னைத் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் தொடர் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் இதை வாசித்துவிட்டுப் பிறர் கதை என்று கடந்து போக முடியாது. சைவச் சாப்பாட்டுக் கடைகளும் தேநீர்க் கடைகளும் நமது குடாநாட்டில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வாசலுக்கு வெளியே வேறு பாத்திரத்தில் கொடுத்த காலம் ஒன்றிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரும், 1960களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் தேவைப்பட்டன. சைவ உணவு என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்த உணவுக்குப் பின்னால் இந்த நினைவும் இருக்கிறது. உயிர்க்கொலை தவிர்த்தல் என்ற உயரிய அறம் ஒருபுறம் இருக்க, மனிதரை விலக்கிவைக்கும் கருவியாகவும் அது பயன்பட்டது. இந்தியர் அனைவரும் மரக்கறி உண்போர் என்ற பொது எண்ணமும் பிழையானதே. 2014ஆம் ஆண்டு இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 71 சதவீதத்தினர் புலால் உண்பவர்களே.

உணவகங்களே முதற் பயிற்சிக்கூடங்கள்

வீட்டு அடுக்களை மூடியிருந்த காலத்தில், ஆண்கள் சமையல் பழகுவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, கோயில் மடைப்பள்ளி. மற்றது, அதிலிருந்து கிளைத்த உணவகம். கர்நாடகத்து உடுப்பியின் மடங்களில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்துப் பழகியவர்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் பம்பாய்க்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். உடுப்பி மடத்து மடைப்பள்ளியில் சிறுவனாக வேலை செய்த கே. கிருஷ்ண ராவ், சென்னையில் எடுபிடியாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 1938இல் இராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' விடுதியை நிறுவினார். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, மாவு ஆட்டி, தோசைக் கல்லடிக்கு வந்து சேரும் அந்தப் பயணமே அக்காலத்தின் சமையல் வகுப்பு. அதற்குக் கட்டணம் இல்லை. உடல் உழைப்பே கட்டணம். ஆனால் அதிலும் பெரும்பாலும் ஒரே சமூகத்து ஆண்களுக்கே இடம் கிடைத்தது.

பெண்களுக்கு முறையான கல்வியாகச் சமையலைப் புகட்டும் முயற்சியும் நடைபெறாமல் இல்லை. 1932இல் டில்லியில் லேடி இர்வின் கல்லூரி நிறுவப்பட்டது. 1954இல் பம்பாயில் லீலாவதி முன்ஷியின் முயற்சியால் உணவக முகாமைத்துவத்துக்கான நிறுவனம் தோன்றியது. 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. எனினும், பள்ளிக்கூட மட்டத்தில் மனையியல் பாடம் நெடுங்காலம் ஆங்கிலேயக் குடும்பத்தின் அடுக்களையையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தது.

பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சமையல் நூலாசிரியையாகிய மதுர் ஜாப்ரியின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்று. டில்லியில் அவர் படித்த பள்ளியின் மனையியல் வகுப்பில் நோயாளிகளுக்கு ஆங்கிலேயர் கொடுக்கும் சப்பென்ற உணவு வகைகள் கற்பிக்கப்பட்டன. பரீட்சையிலோ உருளைக்கிழங்கையும் இந்திய மசாலாப் பொருள்களையும் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். அவர் தோல்வியடைந்தார். வீட்டில் சமையற்காரர்கள் இருந்தமையால் அங்கும் கற்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் நாடகக்கலை பயில இலண்டன் சென்று, பசியும் ஊர் நினைவும் வாட்டியபோது, தாய்க்குக் கடிதம் எழுதினார். தாய் விமானத் தபாலில் சமையல் குறிப்புகளை அனுப்பினார். காந்தி சென்ற அதே நகரம், அதே பசி. இடையில் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

ஓர் இளம் விதவையின் பேனா

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாற்றின் நடுநாயகமாக நிற்கும் பெயர் எஸ். மீனாட்சி அம்மாள். இருபதுகளின் தொடக்கத்திலேயே கணவரை இழந்து, ஒரு குழந்தையோடு குடும்பப் பொறுப்பையும் சுமந்த சென்னைப் பெண்மணி அவர். அக்காலப் பிராமணக் குடும்பத்தில் இளம் விதவைக்கு வகுக்கப்பட்டிருந்த வாழ்க்கை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவரது கைப்பக்குவம் உறவினரிடையே புகழ் பெற்றிருந்தது. திருமணமாகி டில்லிக்கும் பம்பாய்க்கும் கடல் கடந்தும் சென்ற குடும்பத்துப் பெண்கள் அவரிடம் கடிதம் மூலம் செய்முறை கேட்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதை விட, ஒரு நூலாக எழுதினால் என்ன என்று அவரது உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தூண்டினார். 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது.

தமிழில் அதற்கு முன்னரும் பாகசாஸ்திர நூல்கள் அச்சாகியிருந்தன. மீனாட்சி அம்மாளின் நூல் அவற்றிலிருந்து வேறுபட்டது எவ்வாறெனில், அது ஒன்றும் தெரியாத பெண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாமியார் அருகில் இல்லாத ஒரு வீட்டில், முதன்முறையாகத் தனித்து அடுப்பின் முன் நிற்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணே அதன் வாசகி. எத்தனை பலம் புளி, எத்தனை ஆழாக்கு அரிசி, எந்தக் கட்டத்தில் உப்பு என ஒவ்வொன்றும் வரிசைப்படி சொல்லப்பட்டது. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். அடுக்களையில் 'கண்ணளவு' என்றும் 'கைப்பிடி' என்றும் இருந்ததை எண்ணாக மாற்றியதே அவர் செய்த பெரும் பணி. கண்ணளவு என்பது கண்ணுக்குரியவரோடு மறைந்துபோகும். எண்ணோ, எவருக்கும் பொதுவானது.

நூலின் தலைப்பையும் கவனிக்க வேண்டும். சமையல் சாஸ்திரம் என்றோ பாக விளக்கம் என்றோ அவர் பெயரிடவில்லை. 'சமைத்துப் பார்' என்றார். படித்தால் போதாது, செய்தாக வேண்டும் என்ற ஆணையும், பயப்படாமல் முயன்று பார் என்ற ஆறுதலும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியுள்ளன. நூல் வடிவில் இருந்தாலும், அது ஒரு செய்முறை வகுப்பே. மீனாட்சி அம்மாள் 1962இல் காலமானார். 1968இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்ட தென்னிந்தியக் குடும்பங்களின் பயணப் பெட்டிகளில் அந்நூலுக்கு நிலையான இடம் கிடைத்தது. ஒரு குடும்பத்தின், ஒரு சாதியின் அடுக்களை இரகசியமாக இருந்த சமையல், புத்தகக் கடையில் விலை கொடுத்து வாங்கும் எவருக்கும் உரியதாயிற்று. அவர் ஆசாரத்தை எதிர்த்து மேடை ஏறியவர் அல்லர். ஆயினும், மேடைப் பேச்சுகளால் திறக்க முடியாத ஒரு கதவை அவரது அளவுகள் திறந்துவிட்டன.

1966: இரு நகரங்கள், இரு அடுப்புகள்

நூலுக்கு அடுத்த கட்டம் வகுப்பு. 1966ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் பம்பாயில் தர்லா தலால் என்ற குஜராத்திக் குடும்பத் தலைவி தமது வீட்டிலேயே சமையல் வகுப்புத் தொடங்கினார். 1936இல் புனேயில் பிறந்து, திருமணத்தின் பின்னர் பம்பாயில் குடியேறியவர் அவர். பம்பாயின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களில், பெண்ணுக்கு வரன் தேடுமுன் இந்த வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் பரவியது. 1974இல் அவரது முதல் நூல் வெளியாயிற்று. தொடர்ந்து நூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். 2007இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சமையற்கலைக்காக வீட்டுப் பெண் ஒருவருக்கு அத்தகைய தேசிய கௌரவம் கிடைத்தமை அபூர்வமானது. 2013 நவம்பர் 6ஆம் திகதி அவர் மறைந்தார். 2023இல் அவரது வாழ்க்கை இந்தித் திரைப்படமாகவும் வந்தது.

தர்லா தலாலின் வகுப்பில் ஒரு புதுமை இருந்தது. மரபுச் சமையலோடு இத்தாலிய, மெக்சிக்கோ, தாய்லாந்து உணவுகளையும் முட்டையும் இறைச்சியும் இன்றிச் சமைக்க அவர் கற்பித்தார். வெளியே உண்ணத் தயங்கிய மரக்கறிக் குடும்பங்களின் அடுக்களைக்குள் உலகமே நுழைந்தது. பெண்கள் ஒரு தொழிலாகவும் வருமானமாகவும் சமையலைக் கருதலாம் என்ற துணிவையும் அவரது வெற்றி கொடுத்தது.

அதே 1966இல் நியூயோர்க்கில் வேறொரு காட்சி. முந்திய ஆண்டு 'ஜலதூதா' என்ற சரக்குக் கப்பலில், கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டு அமெரிக்கா சென்றடைந்த வங்காளத்துத் துறவி பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர், தம்மை நாடி வந்த அமெரிக்க இளைஞர்களுக்குத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். தமது சீடர் இருவரின் திருமணத்துக்கு அவர் விருந்து சமைத்தபோது, மணப்பெண்ணின் சகோதரி அவருக்கு உதவியாக நின்றார். பல மணிநேரம் நீண்ட அந்த ஒருநாள் அனுபவம் அப்பெண்ணின் வாழ்க்கையையே மாற்றியது. யமுனா தேவி என்ற பெயர் பெற்ற அவர், ஆண்டுக்கணக்காக இந்தியாவின் கோயில்களிலும் வீடுகளிலும் சமையல் பயின்று, 1987இல் இந்திய மரக்கறிச் சமையல் பற்றிய ஒரு பெருநூலை வெளியிட்டார். 500க்கும் மேற்பட்ட செய்முறைகளைக் கொண்ட அந்நூல், அமெரிக்கச் சமையல் உலகில் உயர் விருதும் பெற்றது.

பிறப்பினால் அந்த மடைப்பள்ளிகளின் வாசலைத் தாண்டியிருக்க முடியாத ஒரு வெள்ளைக்காரப் பெண், அவற்றின் பாகமுறைகளை உலகுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியை ஆனார். சேரன்மாதேவியிலிருந்து நாற்பது ஆண்டுகளே கடந்திருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றத்தின் வேகம் புலப்படும்.

குடிபெயர்வும் வகுப்பும்

1965இல் அமெரிக்கா தனது குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, ஆசியருக்கு இருந்த தடைகளை அகற்றியது. மருத்துவர்களும் பொறியியலாளர்களும் இந்தியாவிலிருந்து பெருமளவில் சென்றனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பயின்ற கட்டடக்கலைஞர் ஜூலி சாஹ்னி, 1970களின் முற்பகுதியில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் தமது வீட்டிலேயே இந்தியச் சமையல் வகுப்பை ஆரம்பித்தார். 1985இல் மரக்கறி, தானியச் சமையலுக்கென்றே தனிநூல் எழுதினார். ஏன் வெங்காயத்தைப் பொன்னிறமாகும்வரை வதக்க வேண்டும், ஏன் தாளிதத்தை இறுதியில் சேர்க்க வேண்டும் என்று காரண காரியத்தோடு கற்பித்தமையே அவரது சிறப்பு. பாட்டியிடம் 'ஏன்' என்று கேட்டால் 'அப்படித்தான்' என்று பதில் வரும். அந்நியருக்குக் கற்பிக்கும்போது 'ஏன்' என்பதற்கு விடை கண்டாக வேண்டும். அந்த விடைகளால் சமையற்கலையும் செழுமை பெற்றது.

பிரித்தானியாவில், 1972இல் உகண்டாவிலிருந்து இடி அமீனால் துரத்தப்பட்ட ஆசியர்களுள் ஏறத்தாழ 28,000 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் மரக்கறி உண்ணும் குஜராத்தியர். லெஸ்டர் நகரிலும் இலண்டனின் வடமேற்குப் புறநகர்களிலும் அவர்கள் திறந்த கடைகளில் உளுந்தும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கிடைக்கத் தொடங்கின. 1982இல் மதுர் ஜாப்ரியின் சமையல் தொடர் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பள்ளிப் பரீட்சையில் தோற்ற மாணவி, ஒரு நாட்டுக்கே ஆசிரியை ஆனார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் 1983. அந்த ஆண்டின் ஆடி மாதத்தைப் பற்றி நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னர் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஒற்றை அறைகளில் நெருங்கி வாழ்ந்த நமது இளைஞர்கள், தங்கள் வாழ்நாளில் அதுவரை குசினிப் பக்கம் எட்டிப் பார்த்திராதவர்கள். தண்ணீர் கேட்டால் தங்கை கொண்டுவந்து கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள். பனிக்குளிரில் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, முறைவைத்துச் சோறும் பருப்பும் சமைத்தார்கள். கடிதத்திலும், பின்னர் காசு எண்ணிப் பேசிய தொலைபேசியிலும் அம்மாவிடம் செய்முறை கேட்டார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, வெவ்வேறு இயக்கச் சார்பு. ஆனால் பானை ஒன்று. சான்றிதழ் வழங்காத அந்த வகுப்பில் ஒரு தலைமுறையே தேறியது. ஊரில் பல போராட்டங்களுக்குப் பின்னரும் முழுமையாகக் கைகூடாத சமபந்தி, அந்த அறைகளிற் பலவற்றில் தேவையின் காரணமாகவே நடந்தேறியது. காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையை அறியாமலேயே அவர்கள் அதனை மீண்டும் நடத்திக் காட்டினார்கள்.

கையால் மட்டுமே கற்கக்கூடியது

நூல் வந்துவிட்டது, தொலைக்காட்சி வந்துவிட்டது, கைப்பேசியில் ஆயிரக்கணக்கான காணொளிகளும் வந்துவிட்டன. அவ்வாறாயின், மக்கள் ஏன் இன்னும் பணம் கொடுத்து ஓர் அறையில் கூடிச் சமைக்கப் பழகுகின்றனர்? விடை, 'பதம்' என்ற நமது சொல்லில் இருக்கிறது.

மீனாட்சி அம்மாள் அளவை எண்ணாக்கினார். ஆனால் பதத்தை முழுமையாக எண்ணாக்க எவராலும் இயலவில்லை. உளுந்து சரியாக அரைபட்டதா என்பதை அறிய, ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், மிதந்தால் பதம். அரிசிமாவும் உளுந்துமாவும் சேர்ந்து புளிப்பதற்கு ஏறத்தாழ 30 பாகை வெப்பம் உகந்தது. கொழும்பில் இரவு முழுவதும் மூடி வைத்தாலே பொங்கிவிடும் மாவு, ஒஸ்லோவின் மாரிகாலத்தில் பொங்க மறுக்கும். மின்னடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைக்கும் உபாயத்தைப் புலம்பெயர்ந்தோர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டனர்.

வெல்லப்பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டால் ஒரு பதம், 'டக்' என்று ஒலித்தால் வேறொரு பதம். பருப்பு வறுபடுவது மணத்தாலும், கடுகு வெடித்து ஓய்வது செவியாலும், சப்பாத்தி மாவு இளகியது விரலாலும் அறியப்படுவன. கடுகின் சத்தம் அடங்கும் கணத்துக்கும் அது கருகும் கணத்துக்கும் இடையே சில விநாடிகளே உள்ளன. அருகில் நிற்பவர் 'இப்போது' என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு எந்த அச்சுப் பக்கமும் ஈடாகாது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் கணினித் திரைக்கு மாறியபோதும் இதே குறை உணரப்பட்டது. திரையில் நிறம் தெரியும், மணம் வராது.

ஆகவே, கைமாறிய வித்தை நூலாகி, நூல் வகுப்பாகி, வகுப்பின் வழியாக மீண்டும் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். முன்னர் அந்தக் கை ஒரே குருதியை, ஒரே குலத்தை மட்டும் தேடியது. இன்று கற்க விரும்பும் எந்தக் கையையும் ஏற்றுக்கொள்கிறது.

நமது வீடுகளின் பொறுப்பு

இந்த வரலாறு நமக்கு விடுக்கும் கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டு நகரங்களில் பிற இனத்தவர் கட்டணம் செலுத்தி இட்டலியும் சாம்பாறும் பழகுகின்றனர். அதே நகரங்களில் நமது மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர், அம்மம்மா சமைத்து உறைய வைத்து அனுப்பும் பொதிகளையே நம்பியிருக்கின்றனர். 'நீ படி, குசினி அலுவலை நான் பார்க்கிறேன்' என்று பிள்ளையை அனுப்பிவிடும் பாசம் நமக்குப் பெரிது. ஆண் பிள்ளையை அடுப்பருகே விடாத பழக்கமும் சில வீடுகளில் கப்பலேறி, விமானமேறி நம்மோடு வந்திருக்கிறது.

கத்தரிக்காய்ப் பால்கறியையும் முருங்கையிலை வறையையும் வேப்பம்பூ வடகத்தையும் கண்ணளவில் சமைக்கும் கைகள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டன. அவற்றின் அளவுகளை எழுதி வைக்க மீனாட்சி அம்மாள் போன்ற ஒருவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படுகிறார். எழுதினால் மட்டும் போதாது. பேரனையும் பேத்தியையும் பக்கத்தில் நிறுத்தி, அகப்பையை அவர்கள் கையிற் கொடுக்கவும் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளை, வேற்றினத்து நண்பன் வந்தாலும் அவர்களுக்கும் ஓர் அகப்பை கொடுக்கலாம். ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே மனிதரை நிறுத்திய அடுக்களைகளுக்கு அதைவிடச் சிறந்த பிராயச்சித்தம் இருக்க முடியாது.